கட்டிளமைப் பருவத்தினரின் கல்வி அடைவில் மனவெழுச்சி நுண்ணறிவும் தன்னம்பிக்கையும்

ஈழத்துத் தமிழ் மக்கள் கல்வியைத் தமது பெருஞ்செல்வமாகப் போற்றி வந்தவர்கள். காணி நிலம் குறைந்த குடும்பங்கள்கூட நகையை அடகு வைத்தாவது பிள்ளையைப் படிப்பிக்க முன்வருவதைக் கிராமங்கள்தோறும் காணலாம். இதனாலேயே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாள் ஒரு வீட்டுக்கு மட்டுமன்றி முழு ஊருக்குமே உரிய நாளாகி விடுகின்றது. “பிள்ளைக்கு என்ன றிசல்ற்?” என்ற கேள்வி ஒழுங்கை முடக்கிலும் சந்தையிலும் கோயில் வீதியிலும் கேட்கப்படுகின்றது. ஒன்பது பாடங்களிலும் ‘ஏ’ பெற்ற பிள்ளையின் வீட்டில் தொலைபேசி ஓயாது ஒலிக்கின்றது. கணிதத்தில் சித்தியடையாத பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கின்றது.

இவ்விரு பிள்ளைகளும் ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியரிடம் கற்றவர்களாகவும், ஒரே தனியார் கல்வி நிலையத்திற்குச் சென்றவர்களாகவும் இருக்கலாம். ஆயின் ஒருவருக்கு ஏறியது மற்றவருக்கு ஏன் ஏறவில்லை? “அவனுக்கு மண்டையில ஒண்டும் ஏறாது” என்றோ, “படிப்பில கவனமில்லை” என்றோ பெரியவர்கள் இலகுவாக விடை கூறிவிடுவர். மூளைத்திறனும் முயற்சியும் முக்கியமானவை என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றோடு வேறு இரண்டு விடயங்களும் பிள்ளையின் கல்வி அடைவில் பங்குகொள்வதை உளவியல் எடுத்துக்காட்டுகின்றது. ஒன்று தன் உணர்ச்சிகளை அறிந்து ஆளும் திறன். மற்றையது தன்னால் முடியும் என்ற நம்பிக்கை. இவை எவ்வாறு படிப்பைப் பாதிக்கின்றன, வீடும் பாடசாலையும் ஊரும் இவற்றை வளர்க்க யாது செய்யலாம் என்பன இங்கு நோக்கப்படுகின்றன.

கட்டிளமைப் பருவத்தின் இயல்பு

பிள்ளைப் பருவத்திற்கும் வளர்ந்தோர் பருவத்திற்கும் இடைப்பட்ட காலமே கட்டிளமைப் பருவமாகும். அமெரிக்க உளவியலாளரான ஸ்ரான்லி ஹோல் 1904 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இப்பருவத்தைப் புயலும் நெருக்கடியும் நிறைந்த காலமாக விபரித்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது புயலாகவே அமைவதில்லை எனப் பின்வந்தோர் அவரது கருத்தைத் திருத்தினர். எரிக் எரிக்சன் என்பவர் “நான் யார்?” என்ற வினாவுக்கு விடை தேடும் பருவமாக இதனை விளக்கினார்.

உணர்ச்சிகளோடும் ஆசைகளோடும் தொடர்புடைய மூளைப் பகுதிகள் இப்பருவத்தில் மிகுந்த வேகத்துடன் செயற்படுகின்றன. ஆனால் நிதானித்து முடிவெடுக்கவும் உந்துதலை அடக்கவும் உதவுகின்ற முன்மூளைப் பகுதியின் முதிர்ச்சி ஏறத்தாழ இருபத்தைந்து வயதுவரை தொடர்கின்றது. வேகமாக ஓடும் வண்டிக்குப் பிரேக் இன்னும் முழுமையாகப் பூட்டப்படவில்லை எனலாம். பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு சொல்லுக்கே சினந்து எழுவதும், சிறு அவமானத்தையும் தாங்காது ஒதுங்குவதும் வளர்ப்பின் குறை மாத்திரமன்று. வளர்ச்சியின் ஒரு கட்டமுமாகும். இந்தக் கட்டத்திலேயே சாதாரண தரப் பரீட்சை என்னும் பெருஞ்சுமையும் பிள்ளையின் தோளில் ஏறுகின்றது.

மனவெழுச்சி நுண்ணறிவு

நுண்ணறிவு என்றதும் கணக்கையும் மொழியையும் மாத்திரம் எண்ணுவது நெடுங்கால வழக்கமாகும். 1983 ஆம் ஆண்டில் ஹவார்ட் கார்ட்னர் என்பவர் நுண்ணறிவு பலவகைப்பட்டது எனக் கூறி, தன்னைத் தான் அறிதலையும் பிறரைப் புரிந்துகொள்ளுதலையும் அவ்வகைகளுள் சேர்த்தார். 1990 ஆம் ஆண்டில் பீற்றர் சலோவே, ஜோன் மேயர் ஆகிய இருவரும் மனவெழுச்சி நுண்ணறிவு என்னும் எண்ணக்கருவை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். 1995 இல் வெளிவந்த டானியல் கோல்மனின் நூல் இதனை உலகெங்கும் பரப்பியது.

கோல்மன் இதனை ஐந்து கூறுகளாக நோக்கினார். தன் உணர்ச்சியைத் தான் அறிதல், அதனை நெறிப்படுத்தல், தன்னைத் தானே ஊக்குவித்தல், பிறரது உணர்வை உணர்தல், பிறரோடு நல்லுறவு பேணல் என்பனவே அவையாகும். கோபம் வராதவர் மனவெழுச்சி நுண்ணறிவு மிக்கவர் என்று கருதிவிடலாகாது. கோபம் வருவதை அறிந்து, அது எதனால் வந்தது என்று கண்டு, அதனால் தனக்கும் பிறருக்கும் கேடு விளையாதவாறு நடந்துகொள்பவரே அத்தகையவர். வாயை மூடி அழுகையை விழுங்கிக்கொள்ளும் ‘நல்ல பிள்ளை’யிடம் இத்திறன் வளர்ந்திருக்கின்றது என்று கூறமுடியாது.

கல்வி அடைவுடன் உள்ள தொடர்பு

இத்திறனுக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பு பல நாடுகளில் ஆராயப்பட்டுள்ளது. அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோலின் மக்கான் தலைமையிலான குழுவினர், 27 நாடுகளைச் சேர்ந்த 42,000 இற்கு மேற்பட்ட மாணவர் பற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பகுப்பாய்வு செய்து 2020 இல் வெளியிட்டனர். மனவெழுச்சி நுண்ணறிவு கூடிய மாணவர் சராசரியாக நோக்குமிடத்துக் கூடிய புள்ளிகளைப் பெறுகின்றனர் என்பது அதன் முடிபாகும். இத்தொடர்பின் அளவு ஏறத்தாழ 0.20 ஆகும். பூச்சியம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுமையான தொடர்பு என்று கொண்டால், இது சிறியதாயினும் புறக்கணிக்க முடியாத அளவாகும். பொது நுண்ணறிவுக்கும் கடமையுணர்வோடு உழைக்கும் பண்புக்கும் அடுத்ததாக இது இடம்பெறுகின்றது. ஆகவே உணர்ச்சியை ஆளத் தெரிந்தால் மட்டும் போதும், படிக்க வேண்டியதில்லை என்று எவரும் எண்ணிவிடலாகாது. படிக்கின்ற படிப்பு பயன்தருவதற்கு இது துணைநிற்கின்றது என்பதே சரியான விளக்கமாகும்.

இத்துணை மூன்று வழிகளிற் கிடைக்கின்றது. முதலாவது, பதற்றம், சலிப்பு, ஏமாற்றம் ஆகியவற்றைச் சமாளித்துப் படிப்பைத் தொடர முடிகின்றது. இரண்டாவது, ஆசிரியரோடும் நண்பரோடும் வீட்டாரோடும் நல்லுறவு நிலவுவதால் விளங்காததைக் கேட்கவும் உதவி பெறவும் பிள்ளை தயங்குவதில்லை. மூன்றாவது, இலக்கியம், வரலாறு போன்ற பாடங்களில் மனிதரின் உள்ளத்தை விளங்கிக்கொள்ளும் ஆற்றலே பாடத்தின் ஒரு பகுதியாக அமைகின்றது.

பரீட்சைப் பதற்றத்தை இங்கு சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். கணக்கொன்றைச் செய்யும்போது எண்களையும் படிமுறைகளையும் மனம் சற்று நேரம் தாங்கி வைத்திருக்க வேண்டும். அவ்விடம் மிகவும் சிறியது. “பிழைத்தால் அப்பா என்ன சொல்லுவார்” என்ற அச்சம் அதில் வந்து குடியேறினால் கணக்குக்கு இடம் குறைந்துவிடுகின்றது. வீட்டில் சரியாகச் செய்த கணக்கைப் பரீட்சை மண்டபத்தில் பிள்ளை பிழைவிடுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும். ஜெராடோ றமிரெஸ், சியான் பைலொக் ஆகிய இருவரும் அமெரிக்காவில் நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பரீட்சைக்குச் சற்று முன்னர் பத்து நிமிடங்கள் தமது பயங்களைத் தாளில் எழுதிய மாணவருள், வழமையாகப் பதற்றம் மிகுந்தவர்கள், அவ்வாறு எழுதாத பதற்றமுடைய மாணவரைவிடச் சிறப்பாகச் செய்தனர். மனத்தில் அடைத்து வைத்த அச்சம் சொல்லாக வெளிவரும்போது அதன் பாரம் குறைகின்றது என்பதை இது உணர்த்துகின்றது.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகின்றது?

“தன்னம்பிக்கையோடு இரு” என்று மேடைகளிற் பலரும் கூறுவர். ஆனால் தன்னம்பிக்கை சொல்லிக் கொடுப்பதால் மாத்திரம் வந்துவிடுவதில்லை. றோய் போமைஸ்ரரும் அவரது குழுவினரும் பல ஆய்வுகளை மீளாய்வு செய்து 2003 இல் ஒரு முடிபை வெளியிட்டனர். பிள்ளையின் சுயமதிப்பைப் புகழ்ச்சியால் உயர்த்துவதால் மட்டும் புள்ளிகள் உயர்வதில்லை. நன்றாகச் செய்ததன் விளைவாகவே சுயமதிப்பு பெரும்பாலும் உயர்கின்றது என்பதே அதுவாகும்.

இதனை விளங்கிக்கொள்ள அல்பேட் பண்டுரா 1977 இல் முன்வைத்த சுயதிறன் நம்பிக்கை என்னும் கருத்து உதவுகின்றது. ‘நான் பெரியவன்’ என்ற எண்ணத்திற்கும் ‘இந்தக் கணக்கை என்னால் செய்யமுடியும்’ என்ற நம்பிக்கைக்கும் வேறுபாடு உண்டு. கல்விக்குத் துணையாவது பின்னையதே. இந்நம்பிக்கை நான்கு ஊற்றுக்களிலிருந்து பிறக்கின்றது என்றார் பண்டுரா. தானே முயன்று செய்து முடித்த அனுபவம் அவற்றுள் வலிமை மிக்கது. தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடித்ததைக் காணுதல் இரண்டாவது. மதிப்புக்குரியவர் கூறும் ஊக்க வார்த்தை மூன்றாவது. பதற்றமற்ற உடலும் மனமும் நான்காவது. இந்த நான்காவது ஊற்றிலேயே மனவெழுச்சி நுண்ணறிவும் தன்னம்பிக்கையும் சந்திக்கின்றன. நெஞ்சு படபடப்பதை “எனக்கு ஒன்றும் தெரியாது” என்பதற்கான அடையாளமாகக் கொள்ளும் பிள்ளை நம்பிக்கை இழக்கின்றது. “பரீட்சை என்றால் இப்படித்தான், சற்று நேரத்தில் சரியாகிவிடும்” என்று அறிந்த பிள்ளை பேனையை எடுக்கின்றது.

பாராட்டுகின்ற முறையும் இங்கு கவனிக்கத்தக்கது. கிளோடியா மியூலர், கரோல் டுவெக் ஆகியோர் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் “நீ கெட்டிக்காரன்” என்ற பொருள்பட மூளைத்திறனையும், மறுபகுதியினரிடம் அவர்களது உழைப்பையும் பாராட்டினர். பின்னர் கடினமான வினாக்களில் எல்லோரும் இடர்ப்பட்டனர். அதன்பின் மூளைத்திறனுக்காகப் பாராட்டப்பட்டோர் சோர்ந்து முன்னரிலும் குறைவாகச் செய்தனர். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டோர் விடாது முயன்றனர். ‘கெட்டிக்காரன்’ என்ற பட்டம் பெற்ற பிள்ளைக்குத் தோல்வி என்பது பட்டம் பறிபோவதாகும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து ஊரே கொண்டாடிய பிள்ளை தரம் 9 இல் பின்தங்கும்போது அதனை எவரிடமும் சொல்லமுடியாது தவிப்பதன் காரணமும் இதுவாக இருக்கலாம்.

ஒரே புள்ளி, இரு பாதைகள்

எடுத்துக்காட்டாக, தரம் 9 இல் கற்கும் இரு மாணவர்கள் இரண்டாம் தவணைப் பரீட்சையில் கணிதத்திற்கு 28 புள்ளிகள் பெறுவதாகக் கொள்வோம். முதலாமவன் முன்னேற்ற அறிக்கையை ஒளித்து வைக்கின்றான். வீட்டில் தெரியவந்ததும் ஏச்சு விழுகின்றது. வெட்கம் மிகுந்து வகுப்பில் பின்வாங்கில் அமர்கின்றான். விளங்காததைக் கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று எண்ணி, வீட்டு வேலையை நண்பனின் கொப்பியைப் பார்த்து எழுதுகின்றான். பயிற்சி குறைகின்றது, அடுத்த தவணையில் புள்ளி மேலும் குறைகின்றது. “எனக்குக் கணக்கு வராது” என்ற எண்ணம் அவனுக்குள் உறுதியாகின்றது.

இரண்டாமவனுக்கும் வெட்கமும் கவலையும் உண்டு. ஆயினும் அவன் அதனைத் தாயிடம் கூறுகின்றான். தாய் படித்தவராக இல்லாதிருக்கலாம். “எந்த இடத்தில பிழைச்சது, சேரிட்டக் கேட்டுப் பார்” என்று மட்டும் சொல்கின்றார். ஆசிரியர் விடைத்தாளைப் பார்த்து, பிள்ளை சமன்பாட்டில் குறி மாற்றுவதிலேயே தவறுவதைக் காண்கின்றார். நாளுக்கு ஐந்து கணக்குகள் என்று செய்கின்றான். மூன்றாம் தவணையில் 41 புள்ளிகள் பெறுகின்றான். அது பெரிய புள்ளியன்று. ஆனால் தானே உழைத்து ஏறிய பதின்மூன்று புள்ளிகள். அங்கிருந்துதான் தன்னம்பிக்கை பிறக்கின்றது.

இருவரையும் பிரித்தது மூளை அன்று. தோல்வி தந்த உணர்ச்சியை ஒருவன் ஒளித்தான். மற்றவன் சொல்லுவதற்கு ஓர் ஆள் இருந்தது.

பெற்றோரின் காலமும் பிள்ளையின் காலமும்

வடக்கு கிழக்கில் இன்றைய பெற்றோருள் பலர் தமது பாடசாலைக் காலத்தைப் போரின் நடுவே கழித்தவர்கள். 1990 களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமின்றி ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படித்த தலைமுறை அது. இடப்பெயர்வுகளுக்குள்ளும் புத்தகப் பையைக் கைவிடாது காத்தவர்கள் அவர்கள். அந்த உறுதி போற்றுதற்குரியது. ஆனால் அதே அனுபவம் “உன்ர வயசில நாங்கள் விளக்கில படிச்சனாங்கள், உனக்கு எல்லாம் இருக்கு, என்ன குறை?” என்ற கேள்வியாக மாறும்போது பிள்ளை வாயடைத்துப் போகின்றது. தன் கவலை கவலையே அல்ல என்று அது விளங்கிக்கொள்கின்றது.

இன்றைய பிள்ளைக்கும் சுமைகள் உள. 2020 இலிருந்து கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் நீண்டகாலம் மூடப்பட்டன. 2022 இன் பொருளாதார நெருக்கடி பல குடும்பங்களை அசைத்தது. தந்தை வெளிநாட்டில் உழைக்க, தாய் தனியே குடும்பத்தைச் சுமக்கும் வீடுகள் பல. கைத்தொலைபேசி தூக்கத்தைப் பறிக்கின்றது. 13 முதல் 18 வயதுவரையானோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என நிபுணர்கள் பரிந்துரைக்கின்றனர். அதிகாலை வகுப்பும் பாடசாலையும் மாலை வகுப்புமாக ஓடும் பிள்ளைக்கு அத்தூக்கம் கிடைப்பதில்லை. தூக்கமற்ற மூளையால் பாடத்தையும் நினைவில் நிறுத்த முடியாது. சினத்தையும் அடக்க முடியாது.

பெற்றோர் பட்ட துன்பத்தைப் பிள்ளைக்குக் கூறலாம், கூறவும் வேண்டும். ஆனால் அக்கதையில் அன்று கொண்ட பயத்தையும், அழுத நாட்களையும், தோளில் தட்டிய ஓர் ஆசிரியரையும் சேர்த்துக் கூறினால் அது பிள்ளைக்கு வழிகாட்டியாகும். தாமும் பயந்தோம், ஆயினும் கடந்து வந்தோம் என்பது பண்டுரா கூறிய இரண்டாவது ஊற்றாகவே அமைந்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியவை

இதற்குப் பெரும் பணமோ பட்டமோ தேவையில்லை. பின்வருவனவற்றை எந்தப் பெற்றோரும் கைக்கொள்ளலாம்.

1. புள்ளியைக் கேட்கும் முன் பிள்ளையைக் கேட்டல். “எத்தனை மாக்ஸ்?” என்பதற்கு முன்னர் “சோதனை எப்படி இருந்தது, எது கஷ்டமாக் கிடந்தது?” என்று வினவுதல்.

2. உணர்ச்சிக்குப் பெயர் கொடுக்கப் பழக்குதல். கோபமாகத் தோன்றுவது பல வேளைகளில் வெட்கமாகவோ பயமாகவோ இருக்கும். “பயமா இருக்கோ?” என்ற ஒரு கேள்வி போதும்.

3. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாது, அப்பிள்ளையின் சென்ற தவணையோடு ஒப்பிடுதல்.

4. மூளையைப் புகழாது முயற்சியைப் பாராட்டுதல். செய்யாததைச் செய்ததாகப் புகழ்தலும் தவறு. பிள்ளைகள் அதனை உடனே கண்டுகொள்வர்.

5. பெரிய வேலையைச் சிறியதாகப் பிரித்துக் கொடுத்தல். முழு வினாத்தாளுக்குப் பதில் முதலில் ஒரு பகுதி. முடித்த ஒவ்வொன்றும் ஒரு வெற்றியாகும்.

6. பெரியோர் தமது சினத்தை ஆளுதல். அறிக்கையைக் கண்டதும் கை ஓங்கும் வீட்டில் அடுத்த அறிக்கை ஒளிக்கப்படும்.

பாடசாலையும் ஆலயமும்

பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005 இல் சுற்றறிக்கை வெளியிட்டது. அடியைவிட ஆழமாகச் சென்று தைப்பது வகுப்பு முன்னிலையில் கூறப்படும் இழிசொல்லாகும். “நீ தேறமாட்டாய்” என்று ஆசிரியர் சொன்ன ஒரு வார்த்தையை ஐம்பது வயதிலும் நினைவில் வைத்திருப்போர் உளர். “நீ செய்வாய்” என்ற வார்த்தையைப் பற்றிக்கொண்டு கரையேறியோரும் உளர்.

கிராமத்து ஆலயமும் இப்பணியில் பங்குகொள்ளத் தக்கதே. வகுப்பில் பின்வாங்கில் இருக்கும் பையனே திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தலைப் பொறுப்பேற்று நடத்துகின்றான். சாத்துப்படிக்குப் பூமாலை கட்டுகின்றான். அன்னதானப் பந்தியில் ஓடியோடிப் பரிமாறுகின்றான். பேசக் கூசும் பிள்ளை அறநெறி வகுப்பில் முதன்முறை ஒலிவாங்கியைப் பிடிக்கின்றது. இவை யாவும் “என்னால் முடியும்” என்பதற்கான சான்றுகள். அதனைக் கண்ட பெரியவர் ஒருவர் “தம்பி, இவ்வளவு பேரைச் சமாளிச்சனி, ஒரு பாடத்தைச் சமாளிக்க மாட்டியோ?” என்று கூறினால் அது வெறும் புகழ்ச்சியாகாது, அவன் செய்து காட்டியதையே அவனுக்கு நினைவூட்டுவதாகும்.

ஆலயங்களிலும் சனசமூக நிலையங்களிலும் ஒன்பது ‘ஏ’ பெற்றோரைக் கௌரவிப்பது நல்ல மரபாகும். அதே மேடையில் சென்ற ஆண்டைவிடக் கூடுதலாக முன்னேறிய பிள்ளைக்கும், இரண்டாம் முறை தோற்றிச் சித்தியடைந்த பிள்ளைக்கும் ஒரு பரிசு வழங்கப்படுமாயின், விழுந்தவர் எழலாம் என்ற செய்தி ஊர் முழுவதற்கும் சென்றடையும்.

பெறுபேறு வந்த பின்னர் ஒரு பிள்ளை உண்ணாது உறங்காது ஒதுங்கியிருந்தாலோ, “இனி இருந்து என்ன பயன்” என்ற வகையில் பேசினாலோ அதனை நடிப்பென்று தள்ளிவிடலாகாது. அப்பிள்ளையைத் தனியே விடாது அருகிலிருந்து கேட்டறிவதும், பாடசாலை ஆலோசனை ஆசிரியரையோ வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ நாடுவதும் அவசியமாகும். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்திலும், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

முடிவுரை

மனவெழுச்சி நுண்ணறிவும் தன்னம்பிக்கையும் படிப்புக்குப் பதிலாக வருவன அல்ல. படிப்பைத் தாங்கி நிற்பன. பயிர் வளர விதையும் உழைப்பும் வேண்டும். ஆயினும் மண் இறுகியிருந்தால் வேர் ஓடாது. பிள்ளையின் மனத்தை இறுக விடாது பேணுவது பெரியோர் கடனாகும். சாதாரண தரம் என்பது ஒரு பரீட்சை. அதற்கு மீண்டும் தோற்றலாம். தொழிற்பயிற்சிக்கும் வேறு துறைகளுக்கும் செல்லும் வழிகளும் உள. ஆனால் “நான் எதற்கும் உதவாதவன்” என்று பதினாறு வயதில் ஒரு பிள்ளை தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் பெறுபேற்றை மாற்றுவது எளிதன்று.

எனவே அடுத்த பெறுபேறு வெளிவரும் நாளில், கொண்டாடப்படும் வீட்டு வாசலுக்குச் செல்லும் கால்கள், கதவு சாத்தியிருக்கும் வீட்டுக்கும் ஒருமுறை செல்லுமாக. அங்கு புள்ளி கேட்கப்படாது, “சாப்பிட்டியோ பிள்ளை?” என்று ஒரு வார்த்தை கேட்கப்படுமாயின், அக்கதவு திறப்பதற்கு அதுவே தொடக்கமாக அமையும்.